அறுப்பு வயலின் வெயில்: வெப்பமடையும் உலகமும் மனிதர் உடல்நலமும்

2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ச் சிறுவனின் மரணத்தை எலிசாவின் அற்புதத்துக்கு ஒரு முன்னுரையாகவே நாம் பெரும்பாலும் வாசித்துச் செல்கிறோம். சிறுவன் அறுப்பறுக்கிறவர்களோடிருந்த தன் தகப்பனிடம் போகிறான். தலை நோகிறதென்று கதறுகிறான். வேலைக்காரன் ஒருவன் அவனைத் தாயிடம் எடுத்துச் செல்கிறான். நண்பகல்வரை அவள் மடியிலிருந்து இறந்துபோகிறான். நோய் இன்னதென்று நூல் கூறவில்லை. ஆயினும் அறுப்புக்காலம், திறந்த வயல், திடீர்த் தலைவலி, சில மணி நேரத்தில் மரணம் ஆகியவற்றை ஒருசேர நோக்கிய உரையாசிரியர் பலர், இது வெயில் தாக்கியதால் நேர்ந்த மரணம் என்றே கருதியுள்ளனர். தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றான யூதித்து நூல் இன்னும் வெளிப்படையானது. வாற்கோதுமை அறுப்பின்போது கதிர்க்கட்டுகளைக் கட்டுவோரை மேற்பார்த்து நின்ற மனாசே, தலையில் வெப்பம் தாக்கிப் படுக்கையில் வீழ்ந்து இறந்தான் என்று அதன் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. யூதித்து கைம்பெண்ணானது இவ்வாறுதான்.

இவ்விரு மரணங்களிலும் பொதுவாக அமைந்த செய்தியொன்று உண்டு. இறந்தவர் இருவருமே நிலமுடையவர் வீட்டைச் சேர்ந்தவர்கள். சூனேமியாள் செல்வாக்குடைய பெண். அறுப்பறுத்தவர்கள் அவள் கணவனின் ஆட்கள். மனாசேயோ பொன்னும் வெள்ளியும் வேலையாட்களும் கால்நடையும் நிலமும் மனைவிக்கு விட்டுச் சென்றவன். அதே வெயிலில் காலை முதல் மாலை வரை குனிந்து அரிவாள் பிடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் தலை நொந்து வீழ்ந்தவர் எவரேனும் உண்டா? நூலாசிரியர்களைக் குறை கூறுவதற்காக இதனைக் கேட்கவில்லை. வெயிலால் நேரும் மரணங்களுள் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் போகிறது என்னும் வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

உலகம் வெப்பமடைவதால் மனிதரின் உடல்நலத்துக்கு நேரும் கேடுகள் பல. புயலும் வெள்ளமும் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றன. வெப்பமோ வீட்டுக்குள்ளும் வயல்வரப்பிலும் ஓசையின்றிக் கொல்கிறது. அதன் பெயர் இறப்புச் சான்றிதழில்கூடப் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனவே ஏனைய கேடுகளைச் சுருக்கமாகத் தொட்டு, வெப்பத்தைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற முற்படுகிறேன். திருச்சபைக்கு இதில் செய்யத்தக்கது மிகுதி என்பதும் ஒரு காரணம்.

உடல் வெப்பத்தைத் தாங்கும் முறை

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. உழைக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இரு வழிகளே முதன்மையானவை. இரத்தத்தைத் தோலின் பக்கமாக மிகுதியாகப் பாய்ச்சுதல் ஒன்று. வியர்வையை ஆவியாகச் செய்தல் மற்றொன்று. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையாகிய 35 பாகையைத் தாண்டிவிட்டால் முதல் வழி பயன்படாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்துவிட்டால் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. இரண்டாம் வழியும் அடைபடும். புழுக்கம் என்று நம் மொழி குறிப்பது இந்த இரண்டாம் நிலையையே. வெயிலைவிடப் புழுக்கமே தாளவில்லை என்று கடற்கரை ஊரார் கூறுவது வெறும் முறையீடன்று, உடலியல் உண்மை.

இதனை அளக்க அறிவியலார் ஈரக்குமிழ் வெப்பநிலை என்னும் அளவைப் பயன்படுத்துகின்றனர். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுப்படச் செய்தால் அது காட்டும் அளவே அது. இவ்வளவு 35 பாகையை எட்டினால், நிழலில் அமர்ந்து வேண்டிய மட்டும் நீர் பருகும் நலமுள்ள இளைஞரும் சில மணி நேரத்துக்குமேல் உயிர் பிழைத்தல் அரிது என 2010இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நலமுள்ள இளையோரை வைத்துச் சோதித்தபோது, ஈரப்பதம் மிக்க சூழலில் ஏறத்தாழ 31 பாகையிலேயே உடல் தன் உள்வெப்பத்தை நிலைநிறுத்த இயலாமற் போவது 2022இல் தெரியவந்தது. முதியோருக்கும் நோயாளிக்கும் இவ்வெல்லை இன்னும் தாழ்வானது. பாகிஸ்தானின் ஜேக்கபாபாத், பாரசீக வளைகுடாவின் ராஸ் அல் கைமா ஆகிய இடங்களில் 35 பாகை சிறிது நேரத்துக்கேனும் தொடப்பட்டுள்ளது.

உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து அறிவு தடுமாறும் நிலையே வெப்பத் தாக்கு. ஆனால் வெப்பத்தால் இறப்போருள் பெரும்பாலோர் இவ்வாறு வெளிப்படையாக இறப்பதில்லை. தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்ச இதயம் இடைவிடாது விரைந்து உழைக்கிறது. முன்னரே நலிந்த இதயம் அவ்வுழைப்பில் நின்றுவிடுகிறது. சிறுநீரகம் நீரின்றிச் செயலிழக்கிறது. சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோ எழுதப்படும். எழுதிய மருத்துவர் பொய் எழுதவில்லை. ஆனால் வெயில் அங்கே மறைந்துபோகிறது. ஆதலால்தான் அறிவியலார் ஒவ்வொரு சான்றிதழையும் பார்ப்பதை விட்டு, ஆண்டுதோறும் அதே வாரத்தில் இறப்போர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, மிகுதியாக இறந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிடுகின்றனர்.

வெப்பம் தொடங்கும் முதல் நாட்களே மிக ஆபத்தானவை. உடல் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும். வெளிவேலையில் வெப்பத்தால் இறப்போருள் பலர் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறப்பது இதனாற்றான். இரவும் தணியாத வெப்பம் பகல் வெப்பத்தைவிடக் கொடியது. பகலில் களைத்த உடல் இரவில் மீள்கிறது. தகரக் கூரையின்கீழ்ப் படுப்பவருக்கு அந்த மீட்சியும் இல்லை.

தனிமையில் இறந்தவர்கள்

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பநிலை 41 பாகையைத் தொட்டது. ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் மிகுதியாக இறந்தனர். இறந்தோருள் மிகப் பலர் தனியே வாழ்ந்த முதியோர். கதவும் சன்னலும் அடைத்த அறைகளில் காணப்பட்டனர். சமூகவியலார் எரிக் கிளைனன்பர்க் இதனை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூல், நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் ஒப்பீட்டைக் கொண்டுள்ளது. வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்னும் இரு பகுதிகள் அடுத்தடுத்து உள்ளவை. இரண்டிலும் வறுமை மிகுதி. தனியே வாழும் முதியோரும் ஏறத்தாழ ஒரே அளவினர். வெயிலும் ஒன்றே. ஆயினும் வடக்கில் ஒரு லட்சம் மக்களுக்கு 40 பேர் இறக்க, தெற்கில் நால்வருக்கும் குறைவாகவே இறந்தனர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? வடக்கில் ஆலைகள் மூடப்பட்டுக் கடைகள் அழிந்து மக்கள் வெளியேறியிருந்தனர். வெறிச்சோடிய தெருவில் இறங்க முதியோர் அஞ்சினர். தெற்கிலோ மெக்சிகோவிலிருந்து குடியேறியோர் நெருங்கி வாழ்ந்தனர். கடைவீதி இரவு வரை உயிர்ப்புடன் இருந்தது. முதியவர் வெளியே வந்தார். குளிர்ந்த கடைக்குள் சற்று நின்றார். வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்பார் இருந்தனர். வடக்கில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள் என்பதையும் மறத்தலாகாது. அத்தெருக்கள் தாமாகப் பாழாகவில்லை. நிறவேற்றுமையும் முதலீட்டாளரின் புறக்கணிப்பும் அவற்றைப் பாழாக்கின.

எட்டாண்டு கழித்து 2003 ஆகஸ்டில் இதே காட்சி ஐரோப்பாவில் பன்மடங்காக நிகழ்ந்தது. அக்கோடையில் அக்கண்டத்தில் 70,000க்கும் மேற்பட்டோர் மிகுதியாக இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குச் சென்றிருக்க, பாரிசின் மேல்மாடி அறைகளில் முதியோர் தனித்திருந்தனர். உரிமை கோர ஒருவருமின்றிப் போன 57 உடல்கள் செப்டம்பர் 3ஆம் நாள் பாரிசை அடுத்த தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. குடியரசுத் தலைவர் ழாக் சிராக் அங்கு வந்து நின்றார். வளம் மிக்க நாட்டில், சிறந்த மருத்துவமனைகள் நிறைந்த நகரில் இது நிகழ்ந்தது. அதன்பின் அந்நாட்டில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலை ஊராட்சிகள் வைத்திருந்து வெப்ப நாட்களில் அவர்களை நலம் விசாரிக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. மருந்தன்று, வருகையே உயிர்காத்தது என்னும் படிப்பினை, ஆயர் பணியின் பழைமையான கடமையொன்றைச் சுகாதாரத் துறை மீண்டும் கண்டெடுத்தது போன்றது. எனினும் இடர் நீங்கிற்று என்று கூறுவதற்கில்லை. 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் இறந்தோர் 61,000க்கும் மேல் என்பது மதிப்பீடு.

2024 ஜூனில் ஹஜ் யாத்திரையின்போது மெக்காவில் வெப்பநிலை 50 பாகையைக் கடந்தது. இறந்தோர் 1,301 பேர் எனச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். அதாவது அனுமதிக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமல், குளிர்ந்த கூடாரமும் வாகனமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். ஒரே இறைவனை நாடி ஒரே வெண்ணுடை அணிந்து சென்ற கூட்டத்திலும் வெயில் ஏழையைப் பிரித்தறிந்துகொண்டது.

வெயிலில் உழைப்போர்

மத்திய அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்தில், எல்சல்வடோர், நிகராகுவா முதலிய நாடுகளில், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவந்தனர். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத, இருபது முப்பது வயதினர். 2002இல் எல்சல்வடோர் மருத்துவர்கள் இதனை மருத்துவ இதழில் எழுதியபின்னரே உலகம் கவனித்தது. காரணம் முழுவதும் ஐயமின்றி நிறுவப்படவில்லை. பூச்சிமருந்து முதலியவையும் ஆராயப்பட்டுவருகின்றன. ஆயினும் கடும் வெயிலில், வெட்டிய எடைக்கேற்பக் கூலி என்னும் முறையில், நீர் பருகவும் நின்று ஓய்வெடுக்கவும் மனம் வராமல் நாள்தோறும் உழைத்தல் முதன்மைக் காரணம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். நிகராகுவாவின் கரும்பாலை ஒன்றில் குடிநீர், ஓய்வு, நிழல் என்னும் மூன்றையும் ஒழுங்காக அளித்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

இவ்விடத்தில் ரூத்தின் நூல் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தல் தகும். போவாசின் வயலில் வேலையாட்கள் மொண்டு வைத்த தண்ணீர்க் குடங்கள் இருந்தன. அந்நியப் பெண்ணாகிய ரூத்தும் அவற்றில் குடிக்கலாம் என்று அவன் கூறுகிறான். அவள் சற்று நேரம் குடிசையில் தங்கியதாக ஏழாம் வசனம் குறிப்பதாகத் தோன்றுகிறது. எபிரெய மூலம் அவ்விடத்தில் தெளிவற்றது. மொழிபெயர்ப்புகள் வேறுபடுகின்றன என்பதை மாணவர் அறிவர். உணவு வேளையில் அவளும் அறுப்பறுக்கிறவர்களோடு அமர்கிறாள். நீர், நிழல், ஓய்வு. போவாசின் தாராள மனத்தைப் பற்றி நாம் பல பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். அவன் வயலின் வேலை ஒழுங்கைப் பற்றிச் செய்ததில்லை.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத் தொழிலாளருள் 240 கோடிப் பேர், அதாவது பத்தில் எழுவருக்கு மேற்பட்டோர், ஆண்டுதோறும் கடும் வெப்பத்துக்கு உள்ளாகின்றனர். வேலையிடத்து வெப்பத்தால் ஆண்டுக்கு 18,970 பேர் இறப்பதாக அது மதிப்பிடுகிறது. மறைந்துபோகும் மரணங்களைப் பற்றி மேலே கூறியதை நினைவிற்கொண்டால் இவ்வெண்ணைக் குறைந்த அளவாகவே கொள்ளவேண்டும்.

நம் நாட்டு நிலையும் இதனின்று வேறன்று. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்தனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதும், ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத் திறன் குன்றியிருப்பதும் தெரியவந்தன. உப்பளத்தில் தரையின் வெண்மை வெயிலை மேல்நோக்கித் திருப்பியடிக்கிறது. குடையோ தொப்பியோ அதைத் தடுக்காது. உப்பு வாரும் பெண்கள் நீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். காரணம் அறியாமையன்று, மறைவிடம் இல்லாமை. கழிப்பறையின்மை எவ்வாறு சிறுநீரக நோயாக மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே நிறுவனத்தார் 800 கருவுற்ற பெண்களை ஆராய்ந்தபோது, வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு உள்ளானோரிடையே கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன. அறுப்பு வயலில் சிறுவனின் தலை நொந்தது எழுதப்பட்டது. உருவாகுமுன்னரே இழக்கப்பட்ட இப்பிள்ளைகள் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை.

அகமதாபாத் நகரின் வரலாறு நம்பிக்கை தருவது. 2010 மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 46.8 பாகையை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். நகராட்சி 2013இல் வெப்பத்துக்கென ஒரு செயல் திட்டத்தை வகுத்தது. தென்னாசியாவிலேயே இதுவே முதலாவது. அதில் பெரும் செலவு பிடிக்கும் செயல் ஒன்றுமில்லை. முன்னெச்சரிக்கை விடுத்தல், தண்ணீர்ப் பந்தல், பூங்காக்களைப் பகலில் திறந்துவைத்தல், மருத்துவரைப் பயிற்றுவித்தல், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடித்தல் ஆகியவையே. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைப் பிரிவு மேல்மாடியில் வெயில் நேரே படும் கூரையின்கீழ் இருந்தது. அதனைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் வெப்பத்தால் குழந்தைகள் நோயுறுவது குறைந்தது. திட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டதாகப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது.

ஏனைய கேடுகள்

வெப்பம் கொசுவின் எல்லையை விரிக்கிறது. குளிர்ந்த மலைநாடுகளில் முன்பு வாழாத கொசுக்கள் இன்று வாழ்கின்றன. நேபாளத்தில் டெங்கு முதன்முதலாகப் பதிவானது 2004இல். 2022இல் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு நோயுற்றனர். எத்தியோப்பியா, கொலம்பியா நாடுகளின் மேட்டுநிலங்களில் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மலேரியா மலையேறுவது அறியப்பட்டுள்ளது. 2024இல் உலகெங்கும் பதிவான டெங்கு நோயாளிகள் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல். அதுவரை எந்த ஆண்டிலும் கண்டிராத எண். நகர்ப்புற நெருக்கமும் மக்கள் போக்குவரவும் இதற்குப் பெருங்காரணங்கள். எல்லாவற்றையும் வெப்பத்தின்மேல் சுமத்துதல் பிழையாகும்.

2022இல் பாகிஸ்தான் வெள்ளம் 3 கோடியே 30 லட்சம் மக்களைத் தாக்கி 1,700க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செய்தித்தாள்கள் அத்துடன் நின்றன. நீர் தேங்கி நின்ற பின்னர் மலேரியா முந்திய ஆண்டினும் ஐந்து மடங்காகப் பெருகியது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் நம் சபைகள் காணிக்கை எடுத்து அனுப்புகின்றன, அது நன்று. ஆனால் நீர் வடிந்த மூன்றாம் மாதத்தில் எவரும் காணிக்கை எடுப்பதில்லை. உணவைப் பொறுத்தவரை, மழை பொய்த்தலும் பயிர் கருகுதலும் யாவரும் அறிந்தவை. அறியாதது ஒன்று: காற்றில் கரியமில வாயு மிகும்போது நெல், கோதுமை மணிகளில் துத்தநாகம், இரும்பு, புரதம் ஆகியவை குறைகின்றன. தட்டு நிறைந்திருக்கும், சோறு மெலிந்திருக்கும். வங்காளதேசக் கரையோரத்தில் கடல்நீர் புகுந்து குடிநீர் உவர்ப்பாவதால் கருவுற்ற பெண்களுக்கு இரத்த அழுத்தம் மிகுவதும் ஆராயப்பட்டுள்ளது.

யாருடைய செயல்

கரியமில வாயு வெயிலில் மிகுதியாகச் சூடேறுகிறது என்பதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் 1856இலேயே கண்ணாடிக் குழாய்களை வைத்துச் சோதித்துக் கண்டார். 1896இல் சுவீடனின் அரேனியசு அதனால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டார். ஆலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டு, அக்கால வெப்பநிலையைவிட 1.5 பாகைக்கு மேற்பட்ட சராசரி வெப்பத்தைக் கண்ட முதல் ஆண்டு.

குளிரால் இறப்போர் வெப்பத்தால் இறப்போரைவிட மிகுதியல்லவா என்று ஒருவர் வினவலாம். உலகக் கணக்கில் அது உண்மையே. எனினும் 43 நாடுகளில் 1991 முதல் 2018 வரை நேர்ந்த வெப்ப மரணங்களை ஆராய்ந்தோர், அவற்றுள் 37 விழுக்காடு மனிதச் செயலால் நேர்ந்த வெப்பமேற்றத்தினால் என்று கண்டனர். அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மரணங்களை இயற்கையின் செயல் என்று கூறி அமைதி கொள்ள இயலாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளம் பெற்ற நாடுகள் ஒருபுறம். உலகக் கரியமில வாயுவில் நான்கு விழுக்காட்டளவே வெளியிடும் ஆப்பிரிக்கா மறுபுறம். நம் நாட்டுக்குள்ளும், குளிர்சாதன அறையில் இருப்பவர் வெளியேற்றும் சூடான காற்று எதிர்வீட்டுத் தகரக் கூரையின்மேல் வீசுகிறது.

இவ்விடத்தில் நம் பிரசங்கபீடங்களைப் பற்றி ஒரு சொல். பஞ்சம், கொள்ளைநோய், வெப்பம் யாவற்றையும் மத்தேயு 24ஆம் அதிகாரத்தோடு இணைத்துக் கடைசிக் காலத்தின் அடையாளமாகப் பேசுவது மிக எளிது, கேட்போரும் விரும்புகின்றனர். ஆனால் அவ்வாறு பேசும்போது, செய்தவர் யார், துன்புறுபவர் யார் என்னும் வினா மறைந்துவிடுகிறது. ஆமோசும் எரேமியாவும் பஞ்சத்தைப் பற்றிப் பேசியபோது இவ்வினாவை விட்டுவிடவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983இல் வான்கூவர் பேரவையில் நீதி, சமாதானம், படைப்பின் ஒருமைப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் வைத்ததும் இக்காரணம் பற்றியே. படைப்பைக் காத்தல் தனித்த ஓர் அழகுணர்ச்சி அன்று, நீதியோடு பிணைந்தது.

வெயிலும் மேற்கொள்ளாது என்னும் வாக்குறுதி 121ஆம் சங்கீதத்தில் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரத்திலும் அது எதிரொலிக்கிறது. குளிர்ந்த நாட்டு உரைநூல்களைப் படித்து வளர்ந்த நாம் அதனை உருவகமாகக் கொள்கிறோம். உப்பளத் தொழிலாளி அதனை அவ்வாறு கேட்கமாட்டார்.

சபை செய்யத்தக்கவை

உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவக் குழுவை அமைத்தது. மிஷன் மருத்துவமனைகளுக்குள் வரும் நோயாளியை மட்டும் நோக்காமல், நோய் உண்டாகும் ஊரை நோக்கவேண்டும் என்பது அக்குழு கண்ட முடிவு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் மருத்துவர்கள் ரஜனிகாந்த், மேபல் ஆரோலே 1970இல் தொடங்கிய பணி அதற்குச் சிறந்த சான்று. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஏற்ற ஆரம்ப சுகாதாரக் கோட்பாட்டில் இச்சிந்தனையின் தாக்கம் உண்டு. வெப்பத்தைப் பொறுத்தவரையும் ஊரையே நோக்கவேண்டும். நோயாளி மருத்துவமனையை அடைவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

நம் வழக்கங்களிலிருந்தே தொடங்கலாம். விடுமுறை வேதாகமப் பள்ளியை மே மாதத்தில், கல்நார்க் கூரைக் கூடத்தில், நண்பகல் வரை நடத்துகிறோம். கன்வென்ஷன் பந்தலில் முதியோரை மணிக்கணக்கில் அமர்த்துகிறோம். வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மின்விசிறி சூடான காற்றையே வீசி முதியோரின் உடலை மேலும் சூடாக்கும் என்பதை அறிந்தோர் சிலரே. ஆலயம் பகல்முழுதும் பூட்டிக் கிடக்கிறது. பழைய ஆலயங்களின் உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் ஊரிலேயே குளிர்ந்த இடமாக இருக்கக்கூடும். கோடைப் பகலில் அதைத் திறந்துவைத்துப் பானையில் நீர் வைப்பதற்குக் குழுக்கூட்டத் தீர்மானம் ஒன்றே போதும். எச்சமயத்தார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் எழுதிவிடுதல் நன்று.

வீடு சந்திப்பில் ஆயர் கவனிக்கத்தக்கவை சில. நீரைப் பிரிக்கும் மாத்திரை உண்போரும், மனநோய்க்கான சில மருந்துகள் உண்போரும் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவர். மருந்தை நிறுத்தச் சொல்வது ஆயர் வேலையன்று, மருத்துவரிடம் கேட்கச் சொல்வது அவர் வேலை. பேச்சு குழறி, உடல் கொதித்துக் கிடப்பவரைக் கண்டால் செபத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு, நிழலுக்கு நகர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்கு ஆளனுப்ப வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் புகட்டலாகாது.

இறுதியாக, ஒவ்வொரு சபையிலும் உள்ள அடக்கப் பதிவேட்டைப் பற்றிக் கூறவேண்டும். இலண்டன் நகரத் திருச்சபைப் பங்குகளின் எழுத்தர்கள் குறித்துவைத்த இறப்புக் கணக்குகளைக் கொண்டே ஜான் கிராண்ட் 1662இல் மக்கள் இறப்பை எண்ணால் ஆராயும் துறைக்கு அடிகோலினார். அவ்வெழுத்தர்கள் மருத்துவர்கள் அல்லர். நம் பதிவேட்டிலும் இறப்பின் காரணம் என்னும் பத்தி உண்டு; பெரும்பாலும் முதுமை, மாரடைப்பு, காய்ச்சல் என்று எழுதி முடிக்கிறோம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவிக்கு வழிசெய்துள்ளது. ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்று நிறுவப்படாத மரணத்துக்கு அவ்வுதவி எவ்வாறு கிட்டும்? வயலிலிருந்தோ சூளையிலிருந்தோ தூக்கி வரப்பட்டவரின் வீட்டார், அடக்கத்துக்குமுன் மருத்துவரிடமும் வருவாய்த் துறையினரிடமும் அதனைத் தெரிவிக்கவேண்டும் என்று முதலில் சொல்லத்தக்கவர் பெரும்பாலும் அடக்க ஆராதனைக்கு அழைக்கப்படும் ஆயரே.

ஏப்ரல் முதல் ஜூன் வரை நிகழும் அடக்கங்களுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் ஐந்து குறிப்புகள் எழுதிவைக்கலாம்: இறந்தவர் செய்த வேலை, அன்றும் முந்திய நாளும் வெளியில் உழைத்தாரா, வீட்டின் கூரை எத்தகையது, தனியே இருந்தாரா, எந்த நேரத்தில் காணப்பட்டார். பழைய பதிவேடுகளிலிருந்து கடந்த பத்தாண்டுகளின் மாதவாரி எண்ணிக்கையையும் எடுத்து வைத்தால் ஒப்பிடுதல் எளிதாகும். ஒரு சபையின் எண்ணிக்கை மிகச் சிறியது. அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு திருமண்டலத்தின் நூற்றுக்கணக்கான சபைகள், பெயர்களை நீக்கி, இக்குறிப்புகளை ஒருங்கே தொகுத்து மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறைக்கு அளித்தால் அது வேறு செய்தி. இறையியல் மாணவர் களப்பணிக் காலத்தில் இதனை மேற்கொள்ளலாம். ஒரு சேகரத்தின் ஏடுகளைப் படித்து எண்ணிக்கை எடுக்க இரண்டு வாரம் போதுமானது.